அக்னி என்பதும் நெருப்பு என்பதும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, கள்ளக்குறிச்சி. எழுத்து வடிவம்)



இரட்டைமலையார் நினைவில் பேச வருகிறவர்கள் பெயரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1893இல் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். தலைப்பு 'பறையன்'. வசையாக எறியப்பட்ட சொல்லை எடுத்து முகப்பில் அச்சடித்து, இது என் பெயர், இனி நான் சொல்கிறபடிதான் நீ இதைச் சொல்ல வேண்டும் என்றார். அயோத்திதாசர் வேறு வழியில் போனார். அந்தப் பெயரே நமக்கு உரியதல்ல, நாம் பூர்வ பௌத்தர், சாதி பேதமற்ற தமிழர் என்றார். இரண்டு பேருக்கும் இதில் கடும் முரண் இருந்தது. ஆனாலும் பெயர் வைக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. 1922இல் சென்னை மாகாண அரசின் ஆணையில் 'ஆதிதிராவிடர்' என்ற சொல் ஏறியதும் அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான்.

இன்று அதே கேள்வியை இராணுவத்திடமும் போலீசிடமும் கொண்டுபோக நினைக்கிறோம். ஒரு படை நடவடிக்கைக்கு, ஓர் ஏவுகணைக்குப் பெயர் எப்படி வருகிறது? யார் காதுக்காக அந்தப் பெயர்? தலித் இலக்கிய மேடையில் ஏவுகணைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். டெல்லி வரைக்கும் போக வேண்டாம், இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம்.

2024 ஜூனில் இங்கே கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பங்கள். கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. லாரியிலும் டிரம்மிலும் வருவது. வெல்லமும் மரப்பட்டையும் போட்டு மலையில் புதைத்து வைக்கிற பானையில் ஊறி வருவதல்ல. மலையில் யாரும் காய்ச்சுவதே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. ஆனால் சாவு விழுந்த கையோடு செய்தித்தாள்களில் என்ன தலைப்பு வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 'கல்வராயன் மலையில் சாராய வேட்டை'. டிரம் வந்த வழியைத் தேடுவதற்கு 'விசாரணை' என்று பெயர். மலைக்குப் போவதற்கு 'வேட்டை' என்று பெயர்.

வேட்டை என்ற சொல்லுக்குள் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது. துரத்துகிறவன் ஒருவன், ஓடுகிற விலங்கு ஒன்று. கைது என்றால் எதிரே குடிமகன் நிற்கிறான், அவனுக்கு வக்கீல் உண்டு, ஜாமீன் உண்டு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் உண்டு. வேட்டையில் இதெல்லாம் ஏது? இது பத்திரிகைக்காரர்கள் மட்டும் புழங்கும் சொல் என்று விட்டுவிட முடியாது. 2022இல் தமிழ்நாடு காவல்துறையே தன் நடவடிக்கைகளுக்குக் 'கஞ்சா வேட்டை 2.0', 'மின்னல் ரவுடி வேட்டை' என்று பெயர் சூட்டியது. 2.0 என்பது சினிமாவிலிருந்து வந்ததா, செல்போனிலிருந்து வந்ததா தெரியாது. வேட்டை எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தார்களே, பிறப்பைக் கொண்டே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்று எழுதி வைத்தார்களே, அந்த ஏட்டிலிருந்து வந்தது. சட்டம் 1952இல் போய்விட்டது. சொல் மட்டும் காவல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

மத்திய இந்தியாவில் இதே சொல்லைக் கொடி போலவே பிடித்தார்கள். ஆந்திரத்தில் 1989இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகக் கட்டிய சிறப்புப் படைக்குக் 'கிரேஹவுண்ட்ஸ்' என்று பெயர். வேட்டை நாய் இனம் அது. காட்டுக்குள் அனுப்புகிற படைக்கு வேட்டை நாயின் பெயரை வைத்தால், காட்டில் இருக்கிறவன் யார் என்பதை வேறு வார்த்தையில் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் சத்தீஸ்கரில் 'சல்வா ஜூடும்' கிளம்பியது. அதிகாரிகள் அதை 'அமைதி இயக்கம்' என்று மொழிபெயர்த்தார்கள். கோண்டி மொழியில் அதற்குச் சுத்திகரிப்பு வேட்டை என்று பொருள். ஆதிவாசி இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஆதிவாசி ஊர்களின் மேலேயே ஏவிவிட்டார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் சொன்னது. இடையில் 2009இல் 'கிரீன் ஹன்ட்' என்ற பெயர் பரவியது, பச்சை வேட்டை. அப்போது உள்துறை அமைச்சர் நம் ஊர்க்காரர், ப.சிதம்பரம். அப்படி ஒரு நடவடிக்கையே இல்லை, அது ஊடகங்கள் கட்டிவிட்ட பெயர் என்றார். படைகள் காட்டுக்குள் போனது உண்மை, குடிசைகள் எரிந்தது உண்மை, பெயரை மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பெயர் வைக்காமல் விடுவதும் பெயர் வைப்பதன் ஒரு வகைதான். கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊருக்குள் இறங்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள். அந்த நடவடிக்கைக்கு அழகான பெயர் எதுவும் இல்லை. சந்தனக்கட்டை சோதனை, அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அரசு தரப்பு பிடித்துத் தொங்கிய சொல் 'சோதனை', 'பணி' என்பதுதான்.

அந்தப் பக்கத்துக் காடுகளில் வீரப்பனைத் தேடிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கதையும் அப்படித்தான். கடைசி நாளுக்குப் பெயர் உண்டு: 2004 அக்டோபர் 18, 'ஆபரேஷன் ககூன்'. பட்டுப்புழுக் கூடு. ஆம்புலன்ஸ் வண்டியை வைத்து விரித்த வலைக்குப் பொருத்தமான பெயர் என்று அப்போது பாராட்டினார்கள். புத்தகம் வந்தது, பேட்டிகள் வந்தன. ஆனால் அதற்கு முன்னால் மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை நடத்திய சித்திரவதைக் கூடத்துக்கு ஒரு பெயர் இருந்ததே, அது எந்தப் பதக்கப் பட்டியலிலும் இல்லை. 'ஒர்க்‌ஷாப்' என்றார்கள். பழுது பார்க்கும் இடம். ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் அந்த உலகத்தைத்தான் எழுதியது. மாணவர்கள் அவசியம் படியுங்கள். ஊருக்குச் சொல்லத் தகுந்ததற்கு ஒரு பெயர், உள்ளே சிரித்துக்கொண்டு சொல்வதற்கு இன்னொரு பெயர் என்று இரண்டு ஏடுகள் இருப்பது அங்கேதான் நமக்குப் புரிந்தது.

சரி, இராணுவங்கள் இதை எப்படிச் செய்கின்றன? முதலில் அது வெறும் மறைபொருள் சங்கதி. எதிரிக்குப் புரியக் கூடாது, அதனால் சம்பந்தமே இல்லாத ஒரு சொல். இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், சர்ச்சில் இதற்கு ஒரு குறிப்பே எழுதினார். ஏராளமான பேர் சாகப்போகிற தாக்குதலுக்குத் தற்பெருமையான பெயரும் வேண்டாம், விளையாட்டுத்தனமான பெயரும் வேண்டாம். தன் பிள்ளை இன்ன கேலிப்பெயர் கொண்ட சண்டையில் செத்தான் என்று ஒரு தாய் சொல்லும்படி ஆகக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல குறிப்புத்தான். தாயின் வாயில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று ஒரு பிரதமர் யோசித்திருக்கிறார். ஆனால் அது எந்தத் தாய்? அந்தக் குறிப்பு எழுதப்பட்ட அதே ஆண்டில் வங்காளத்தில் பஞ்சம். அங்கே செத்த பிள்ளைகளின் தாய்மார் எந்தக் குறிப்பிலும் வரவில்லை. குண்டு விழுகிற ஊரின் தாயும் வரவில்லை. பெயர் வைக்கிறவர்களின் கற்பனையில் கேட்பவர் எப்போதும் சொந்த வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வியட்நாமில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1966 ஜனவரியில் அமெரிக்கப் படை ஒரு தாக்குதலுக்கு 'மேஷர்' என்று பெயர் வைத்தது. நசுக்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை, அமெரிக்க வீட்டுக் கூடத்தில் டிவியில் கேட்க நன்றாக இருக்காது. பெயரை 'வெள்ளைச் சிறகு' என்று மாற்றினார்கள். தாக்குதலில் ஒரு குண்டும் குறையவில்லை. அதற்குப் பிறகு பெயர் வைப்பது விளம்பரத் துறையின் வேலை மாதிரி ஆகிவிட்டது. பனாமாவுக்கு 'நியாயமான காரணம்', ஆப்கானிஸ்தானுக்கு முதலில் 'எல்லையற்ற நீதி'. அந்த நீதி கடவுளுக்கு மட்டும் உரியது என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்ததும் 'நீடித்த சுதந்திரம்'. நம் நாட்டிலும் 1948இல் ஹைதராபாத்துக்குள் இராணுவம் நுழைந்ததற்கு 'போலோ' என்று இரகசியப் பெயர், 'போலீஸ் நடவடிக்கை' என்று ஊருக்குச் சொன்ன பெயர். அதையொட்டி நடந்த படுகொலைகளில் இருபத்தேழாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று சுந்தர்லால் குழு கணக்குச் சொன்னது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்தின் மேல் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. சுமார் இருபத்தைந்து டன். முந்தின நாள் படகில் போன உதவியை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அந்த நடவடிக்கையின் பெயர் 'பூமாலை'. நல்ல தமிழ்ச் சொல். யாருடைய காதுக்கு என்று கேட்கவே வேண்டாம், யாழ்ப்பாணத்தில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கும் சென்னையில் வானொலி கேட்டவர்களுக்கும். நான்கே மாதம். அக்டோபரில் அதே இந்தியா அதே யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் படையை நடத்தியபோது பெயர் 'பவன்'. காற்று என்று பொருள். தமிழில் அதற்குச் சொல் இல்லாமலா? சோறு போடுகையில் தமிழ், சுடுகையில் சமஸ்கிருதம். அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற படைக்கு, அந்த நடவடிக்கையின் ஏட்டில் இருந்த பெயர் காற்று. ஈழத்தில் உயிர்விட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் வீடுகளிலும் அதே சொல்தான் சான்றிதழில் இருக்கிறது. அந்த வீடுகளும் ஏழை வீடுகள்தான், இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கை இராணுவம் 1995இல் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போனபோது 'ரிவிரெச', சூரியக்கதிர். 1997இல் வன்னிக்குள் 'ஜயசிக்குறு', வெற்றி நிச்சயம். நிச்சயம் என்று பெயர் வைத்த அந்தப் படையெடுப்பு நிச்சயமாகத் தோற்றது, அது வேறு கதை. புலிகளும் பெயர் வைத்தார்கள். 'ஓயாத அலைகள்' என்பது கவிதைத் தலைப்பு போல இருக்கிறது. 1996இல் முல்லைத்தீவில் அந்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்களச் சிப்பாய்கள் மடிந்தார்கள், பெரும்பாலும் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். நம் மொழியில் இருக்கிறது, நம் காதுக்கு இனிக்கிறது என்பதால் அந்தப் பெயரை மட்டும் கேள்வி கேட்காமல் விடுவது நேர்மையாகாது. 2009இல் கொழும்பு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. அதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

இனி ஆயுதங்கள். 1983இல் அப்துல் கலாம் தலைமையில் ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். பிறகு பினாகா, சிவனின் வில். வருணாஸ்திரம், ருத்ரம். டாங்கிக்கு அர்ஜுன், பீஷ்மா. எல்லைக்கு அந்தப் பக்கம் கோரி, கஜ்னவி, பாபர் என்று படையெடுத்து வந்தவர்களின் பெயர்கள். 'பிருத்வி' என்பது பிருத்விராஜ் சௌகானின் பெயர் என்று அங்கே எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகத்தான் 'கோரி' வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பூமி என்ற பொருளில் ஒருவர் வைக்க, மன்னன் என்று இன்னொருவர் படிக்க, இரண்டு ஏழை நாடுகள் எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு போரை அணுகுண்டோடு மறுபடி நடத்தப் பார்க்கின்றன.

அக்னி முதன்முதலில் 1989 மே மாதம் ஒடிசாவின் சாண்டிப்பூரிலிருந்து பறந்தது. அதே பாலசோர் மாவட்டத்தில், பலியாபாலில், ஏவுதளத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று வெற்றிலைக்கொடி வளர்க்கும் விவசாயிகள் ஆண்டுக்கணக்காக வழிமறித்துப் போராடி நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் அன்றைக்கும் இன்றைக்கும் 'அக்னி ஏவுகணை' என்றே எழுதுகின்றன. நெருப்பு ஏவுகணை என்று யாரும் எழுதவில்லை. ஏன்? அக்னி என்றால் யாகம், சாட்சி, தெய்வம். நெருப்பு என்றால் அது எதையாவது எரிக்கும். சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரிந்தது நெருப்புத்தான். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தது அக்னியில் அல்ல. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் பீரோவும் சான்றிதழும் பாடப்புத்தகமும் எரிந்ததும் அப்படித்தான். ஒரு சொல்லைத் தெய்வத்தின் பக்கம் நகர்த்திவிட்டால் எரிகிறவர் கண்ணில் படமாட்டார். இந்த அக்னி இப்போது வேலைவாய்ப்புக்கும் வந்துவிட்டது. 2022 முதல் சிப்பாய் வேலைக்கு எடுக்கிறவர்களுக்கு 'அக்னிவீர்' என்று பெயர். நான்கு ஆண்டு வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் நிரந்தரம். இந்த மாவட்டத்தில் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகும் பையன்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. பெயரில் இருக்கிற வீரத்துக்கு ஓய்வூதியம் உண்டா என்று மட்டும் அவர்களோடு சேர்ந்து கேட்போம்.

அர்ஜுன் டாங்கியை இராணுவம் 2004இல் சேர்த்துக்கொண்டது. இப்போது இங்கிருந்து கச்சிராயப்பாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலையேறுங்கள். வெள்ளிமலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தின் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர் என்ன? ஏகலைவா மாதிரிப் பள்ளி. நாடு முழுக்கப் பழங்குடிகளுக்கான இந்தப் பள்ளிகளுக்கு இதே பெயர்தான். அதே கதை, அதே வில்வித்தை. அர்ஜுனன் பெயர் டாங்கிக்கு, கட்டை விரலை வெட்டிக் கொடுத்தவன் பெயர் மலைப்பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கிற இடத்துக்கு. இதை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பெருமைப்படுத்துவதாகவே நினைத்திருப்பார்கள். அதுதான் நம்மை இன்னும் உறுத்துகிறது. ஒரு பழங்குடிப் பெயரைத் தேடியபோது அவர்கள் கைக்கு அகப்பட்டது, குரு கேட்டவுடன் விரலைக் கொடுத்த பையன்தான். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. அந்த மலையின் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

அமெரிக்கர்கள் ஒருபடி மேலே போனார்கள். யாரை அழித்தார்களோ அவர்களின் பெயரையே ஆயுதத்துக்கு வைத்தார்கள். அப்பாச்சி, சினூக், லகோடா என்று ஹெலிகாப்டர்கள், டோமஹாக் என்று ஏவுகணை. 2011இல் பின்லேடனைக் கொன்ற இரவில் அவனைக் குறிக்க வைத்த இரகசியச் சொல் 'ஜெரோனிமோ'. 1886இல் சரணடைந்து, 1909இல் சாகும்வரை போர்க்கைதியாகவே இருந்த அப்பாச்சித் தலைவரின் பெயர். அந்தச் சமூகத்தினர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். ஹெலிகாப்டர் பெயர்களில் பெருமை காண்கிற பூர்வகுடி முதியவர்களும் அங்கே உண்டு, சடங்கு செய்து ஆசீர்வதித்தும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் மகர் ரெஜிமென்ட் என்ற பெயரில் நமக்குப் பெருமை இல்லையா? 1943இல் எழுப்பி 1946இல் கலைத்த சமார் ரெஜிமென்ட்டை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை இல்லையா? இது எளிதில் தீரும் வாதம் அல்ல. ஆனாலும் ரெஜிமென்ட் என்பது உயிருள்ள ஆட்கள், சம்பளம், பதவி. ஹெலிகாப்டரில் பெயர் மட்டும் பறக்கிறது. 2019 முதல் அப்பாச்சி இந்திய விமானப்படையிலும் பறக்கிறது.

புத்தரை எடுத்துக்கொண்டதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மேடை நம்மை மன்னிக்காது. 1974 மே 18, பொக்ரானில் முதல் அணுச்சோதனை. 'சிரிக்கும் புத்தர்' என்று அது அறியப்படுகிறது. புத்தர் சிரித்துவிட்டார் என்று பிரதமருக்குச் சேதி போனதாகச் சொல்வார்கள். மறுபடி 1998இல் 'சக்தி'. அதன் முதல் நாளான மே 11 புத்த பூர்ணிமை. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசருக்கும், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவிய பாபாசாகேப்புக்கும் புத்தர் யார்? சாதியிலிருந்து வெளியே போகிற வாசல். நம் கையில் இருந்த மிகப் பெரிய பெயர் அது. அதைக் கேட்காமல் எடுத்துக் குண்டின் மேல் ஒட்டினார்கள். கோபம் வரவேண்டிய அளவுக்கு நமக்குக் கோபம் வரவில்லை என்பது எங்கள் எண்ணம். கார்ட்டூனில் பெரியார் படம் தவறாக வந்தால் தெருவுக்கு வருகிற ஊர் இது.

கடைசியாக, எல்லோர் நினைவிலும் இருப்பது. 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆண்களை, மனைவியரின் கண்முன்னே. அந்தக் கொடூரத்தைக் குறைத்துப் பேச ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. மே 7இல் இந்தியா தாக்கியது. பெயர் 'சிந்தூர்'. பிரதமரே தேர்ந்தெடுத்த பெயர் என்று செய்திகள் வந்தன. குங்குமச் சிமிழ் சிந்திக் கிடக்கிற படத்தோடு வெளியிட்டார்கள். ஓரிரு நாளில் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ளவே விண்ணப்பங்கள் குவிந்தன. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைத் திறந்து பாருங்கள். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும்தான் சாதியைப் பூட்டி வைக்கிற பூட்டுகள் என்று இருபத்தைந்து வயதில் அவர் காட்டினார். வகிட்டில் இருக்கிற அந்தச் சிவப்பு, ஒரு பெண்ணின் உயிரைப் புருஷனின் உயிரோடு கட்டுகிற அடையாளம். அது போனால் அவளுக்கு வண்ணச் சேலை இல்லை, நல்ல காரியத்தில் இடமில்லை. அந்த வழக்கத்தை ஒழிக்க எத்தனை பேர் போராடினார்கள்! அதையே ஒரு தேசத்தின் மானமாக ஏவுகணையில் ஏற்றினார்கள். அன்றைக்குச் செத்தவர்களில் உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு, முஸ்லிம். அந்த வீட்டுப் பெண்களின் துக்கத்துக்கு இந்தப் பெயரில் எங்கே இடம்?

இவ்வளவு பெயர்களையும் அடுக்கிவிட்டுப் பார்க்கும்போது எங்களுக்குப் பட்டது ஒன்று. அடித்தவர்கள் தங்கள் செயலுக்குப் பெயர் வைக்கிறார்கள்: புயல், கதிர், வேட்டை, நீதி. அடிபட்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. கீழ்வெண்மணி, கொடியங்குளம், வாச்சாத்தி, முள்ளிவாய்க்கால், கருணாபுரம் என்று ஊரின் பெயரைச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்து மக்களிடம் 'ரிவிரெச' பற்றிக் கேட்டால் பலர் 'இடப்பெயர்வு' என்றுதான் பேசத் தொடங்குவார்கள். தமிழில் பெயர் என்பதற்கு இரண்டு வேலை. அழைக்கிற பெயரும் அதுதான், வேரோடு பெயர்ந்து போவதும் அதுதான். நீதிமன்றத்தில்கூட 'சந்தனக்கட்டை சோதனை வழக்கு' என்று யாரும் சொல்லவில்லை, 'வாச்சாத்தி வழக்கு' என்றே அது நின்றது. அந்தப் பெயரை நிற்கவைத்தது அந்த ஊர்ப் பெண்கள், அவர்களோடு நின்ற பழங்குடி மக்கள் சங்கத் தோழர்கள், இடதுசாரி இயக்கம்.

கல்வராயன் மலைக்கு அப்படி ஓர் ஏடு இன்னும் இல்லை. சேராப்பட்டுப் பக்கம் ஒரு பெரியவர் எங்களிடம் வருசத்தை எண்களில் சொல்லவில்லை. "ஜாகீரு போன வருசம், ரோடு வந்த வருசம், செம்மரத்துக்குப் போனவங்க திரும்பாத வருசம்" என்று சொன்னார். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பலர் சவ்வாது மலை, சித்தேரி மலை மலையாளிகள். கல்வராயனிலிருந்தும் ஆட்கள் அந்தக் காட்டுக்குப் போனார்கள், சிறையில் கிடந்தார்கள். அந்தச் செய்தியில் அவர்கள் எல்லோருக்கும் 'கடத்தல்காரர்' என்று ஒரே பெயர். தனித்தனிப் பெயரை ஊரில் மட்டும்தான் கேட்க முடியும்.

அதனால் ஒரு வேலை வைத்திருக்கிறோம். கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு சுற்று ஊர்களில் வீடு வீடாகப் போய் நான்கே கேள்வி. எந்த வருசம் வந்தார்கள்? யார் வந்தார்கள்? என்ன எடுத்துப் போனார்கள்? அந்த நாளை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? நான்காவது கேள்விக்கு வரும் பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, செந்தமிழாக்கக் கூடாது. ஆட்களின் பெயரை அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுத வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குக் காலையில் பேருந்து இருக்கிறது. வர விரும்பும் மாணவர்கள் வாசல் மேசையில் இருக்கிற நோட்டில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள்.